கத்திரி வெயிலும் நான்கு டயரும்

உளுந்தூர்பேட்டையில் விற்கும் கார் டயர்கள் ஏறக்குறைய எல்லாமே கோடை டயர்கள்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எவரும் கேட்பதில்லை, எந்தக் கடைக்காரரும் விற்பதில்லை. ஐரோப்பாவில் வெப்பநிலை ஏழு டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகி, சாலையைப் பற்றும் வலு குறைந்துவிடும். அதனால் பனிக்காலத்துக்கு ஒரு செட், மற்ற மாதங்களுக்கு ஒரு செட் என்று இரண்டு வைத்திருப்பார்கள். ஜெர்மனியில் பனி படர்ந்த சாலையில் அதற்குரிய டயர் இல்லாமல் ஓட்டினால் அபராதம் உண்டு. மார்கழி விடியலில்கூட ஏழு டிகிரியைப் பார்க்காத ஊருக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை.

இங்கே கேள்வி வேறு. ஐந்து பேரும் அவர்களின் பெட்டிகளும் ஏறிய ஒரு சின்னக் காரை, கத்திரி வெயிலில், நான்கு வழிச்சாலை வேகத்தில், மணிக்கணக்கில் இந்த டயர் தாங்குமா?

இதைக் கேட்க உளுந்தூர்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில், திருச்சிக்குப் போகும் சாலையும் சேலத்துக்குப் போகும் சாலையும் இங்கேதான் பிரிகின்றன. காலையில் சென்னையை விட்ட கார் இந்த ஊரைத் தொடும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். தார் ரோட்டின் மேற்பரப்பு அறுபது டிகிரியை எட்டும் நேரம் அது. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாக் கூட்டமும், பள்ளி விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் குடும்பங்களும் இதே சாலையில்தான் வருகின்றன. இறங்கி டீ குடிப்பார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள். குனிந்து டயரைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பார்ப்பவர்களில் பலரும் ஒரு தவறான நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் வெடித்துவிடும் என்பது அந்த நம்பிக்கை. உண்மை இதற்கு நேர் எதிரானது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் இடத்தில் அதிகமாக நசுங்கி மீள்கிறது. அந்த மடக்கலும் நிமிர்தலும்தான் பக்கச்சுவரைச் சூடேற்றுகின்றன. வளைத்து வளைத்து நிமிர்த்தும் கம்பி மடங்கும் இடத்தில் சுடுமே, அதேபோல. சூடு ஏறஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், கம்பி அடுக்குகளுக்கும் உள்ள ஒட்டுதல் தளர்கிறது. கடைசியில், சாலையில் படும் மேல் ரப்பரான பட்டன் பாளமாகக் கழன்று வருகிறது, அல்லது பக்கச்சுவர் கிழிகிறது. “டயர் வெடித்து கார் கவிழ்ந்தது” என்று மறுநாள் செய்தி வரும்போது பழி வெயில் மேல் விழுகிறது. வெயில் அங்கே துணைக்காரணம் மட்டுமே. பெரும்பாலும் முதற்காரணம் குறைந்த காற்றும் கூடிய சுமையும்.

காலையில் 33 பி.எஸ்.ஐ. அடித்துக் கிளம்பிய டயரின் உள்காற்று 30 டிகிரி சூடேறினால், அழுத்தம் ஏறக்குறைய ஐந்து பி.எஸ்.ஐ. கூடும். அது இயல்பு. கார் செய்பவர்கள் அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் அளவைச் சொல்கிறார்கள். வழியில் அதைக் கண்டு பயந்து சூடான டயரிலிருந்து காற்றை மீண்டும் 33க்கு இறக்கினால், ஆறிய பிறகு அது 28ல் நிற்கும். மறுநாள் பயணம் அந்த 28ல்தான் தொடங்கும்.

இந்தப் பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஓடிய டயர்கள் அவை. பட்டன் கழன்று, கார் புரண்டு, அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கில் 271 பேர் இறந்தார்கள். தயாரிப்புக் குறை இருந்தது உண்மை. ஆனால் விபத்துகள் எங்கே குவிந்தன என்று பார்த்தபோது டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்கள் முன்னால் நின்றன. வெனிசுவேலாவிலும் சவுதி அரேபியாவிலும் அதே கதை. அந்தக் காருக்கு 26 பி.எஸ்.ஐ. போதும் என்று ஃபோர்டு பரிந்துரைத்திருந்தது. 30 வேண்டும் என்று ஃபயர்ஸ்டோன் பிற்பாடு சொன்னது. வெறும் நான்கு பி.எஸ்.ஐ. இடைவெளிதான். அந்த விபத்துகளுக்குப் பின் வந்த சட்டம்தான், காற்று குறைந்தால் விளக்கெரிந்து எச்சரிக்கும் கருவியை அமெரிக்காவின் புதுக்கார்களில் கட்டாயமாக்கியது. நம் சாலைகளில் ஓடும் பழைய ஆல்ட்டோக்களிலும் வேகன்-ஆர்களிலும் அந்த விளக்கு கிடையாது. ஓட்டுபவரின் கண்தான் விளக்கு.

இனி, விலை உயர்ந்த டயர் போட்டால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு வருவோம். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானபொலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம் தமிழர்களுக்கு மறக்க முடியாதது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அதில் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் ஆனார். அந்தப் பந்தயத்தில் ஓடியவை ஆறே கார்கள். மற்ற பதினான்கு கார்களும் தொடங்கும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. அவை அணிந்திருந்த மிஷெலின் டயர்கள், அந்த மைதானத்தின் சாய்தளம் கொண்ட பதின்மூன்றாவது வளைவின் சுமையைத் தாங்காது என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. ரேடியல் டயரை உலகுக்குத் தந்த நிறுவனம் மிஷெலின். அந்த ஆண்டின் மற்ற மைதானங்களில் அதே நிறுவனத்தின் டயர்கள் வெற்றிமேல் வெற்றி கண்டன. நரேனின் ஜோர்டன் கார் பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடியது. டயரில் நல்லது, கெட்டது என்று பொதுவாகப் பேச முடியாது. அந்தச் சாலைக்கு, அந்தச் சுமைக்கு, அந்தச் சூட்டுக்குப் பொருந்துகிறதா என்பதே பேச்சு.

நம் ஊர்ச் சின்னக் காருக்கு இந்தப் பொருத்தம் டயரின் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கிறது. 165/80 ஆர் 14 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். மாருதி ஸ்விஃப்ட்டின் கீழ்நிலை வகைகளில் இந்த அளவு வருகிறது. மேல்நிலை வகைகளில் 185/65 ஆர் 15. கணக்குப் போட்டால் இரண்டின் மொத்த உயரத்துக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். ஆகவே முன்னதிலிருந்து பின்னதற்கு, ரிம்மோடு சேர்த்து மாறுவது நியாயமான முன்னேற்றம். அகலம் கூடுவதால் பிடிப்பு கூடும், பிரேக் அடித்தால் நிற்கும் நம்பிக்கை கூடும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அந்தக் காரைச் செய்தவரே ஏற்றுக்கொண்ட அளவு அது.

அதற்கு மேல் போவதுதான் சிக்கல். 16 அங்குல அலாய் வீலில் 195/55 டயரை ஏற்றினாலும் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் பக்கச்சுவரின் உயரம் 14 அங்குல டயரில் 132 மில்லிமீட்டராக இருந்தது, இதில் 107 ஆகிவிடுகிறது. ஓர் அங்குல ரப்பர் காணாமல் போகிறது. நான்கு வழிச்சாலையிலிருந்து இறங்கும் இடத்தில் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை ஒன்று இருக்கும். மழைக்குப் பின் பேட்ச் போட்ட குழி இருக்கும். அந்த ஓர் அங்குலம்தான் அங்கே அடியை வாங்கிக்கொண்டிருந்தது. அது போனபின் அடி ரிம்முக்குப் போகிறது. ரிம் நெளிகிறது, பக்கச்சுவரின் உள்நூல் அறுந்து வெளியே கொப்புளம் கிளம்புகிறது. கொப்புளம் வந்த டயரை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. மைலேஜ் குறைவதையும் ஸ்டியரிங் கனப்பதையும் இதன்பின் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கார் கம்பீரமாகத் தெரியும் என்பதற்காக இந்த விலையைக் கொடுக்கலாகாது.

அளவுக்குப் பக்கத்தில் 85டி, 88எச் என்று ஒரு எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். கடையில் எவரும் விளக்காத இடம் இது. எண் சுமையைச் சொல்கிறது: 85 என்றால் அந்த ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. எழுத்து வேகத்தைச் சொல்கிறது: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240. நூறைத் தாண்டச் சட்டம் இடம் தராத நெடுஞ்சாலையில் 210 எதற்கு என்று கேட்கலாம். அவ்வளவு வேகத்தில் உண்டாகும் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்ட டயர், கத்திரி வெயிலில் நூறு கிலோமீட்டர் வேகத்தைச் சிரமமின்றித் தாங்கும் என்பதே பதில். சுமை எண்ணை ஒருபோதும் குறைக்கக் கூடாது. வேக எழுத்தை ஒரு படி உயர்த்தி வாங்குவது வெயில் ஊருக்கு நல்ல செலவு. வி, டபிள்யூ என்று மேலே போகும் டயர்களில் பல மென்மையான ரப்பரால் ஆனவை. நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். 90 குதிரைத்திறனைச் சுற்றியிருக்கும் சின்னக் காருக்கு அது தேவையில்லை.

கோடைக்காக வாங்கும் டயர் ஐப்பசியிலும் ஓடியாக வேண்டும். கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறி இறங்குபவருக்கு இது தெரியும். மலை வளைவுகளில் தண்ணீர் குறுக்கே ஓடும்போது பட்டன் ஆழம் மட்டுமே துணை. புது டயரில் எட்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் அந்த டயரை ஓட்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. பட்டனின் வாய்க்காலுக்குள் தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதுவரை காத்திருப்பது மழைக்காலத்தில் ஆபத்து. மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது நம் ஊரில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். சின்னக் கார்கள் முன்சக்கரத்தால் இழுபடுபவை, முன்டயர்தான் முதலில் தேயும். அதனால் புதிய இரண்டையும் முன்னால் போடச் சொல்வார்கள். டயர் நிறுவனங்களோ பின்னால் போடச் சொல்கின்றன. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிடிமானம் திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழலும். சுழலும் காரைத் திருத்த பந்தய ஓட்டிகளுக்கே நீண்ட பயிற்சி வேண்டும்.

பட்டன் நன்றாக இருக்கிறது என்பதற்காக வயதான டயரை நம்பக் கூடாது. பக்கச்சுவரில் சிறு முட்டைவடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. மாதம் இரண்டு முறை மட்டும் வெளியே எடுத்து, மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கும் காரின் டயர் தேயாது, ஆனால் வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு கடந்தால் வருடத்துக்கொரு முறை சோதிக்க வேண்டும். பத்தாண்டைத் தொட்டால் எந்த நிலையில் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷெலின் போன்ற நிறுவனங்களின் அறிவுரை. பெரிய கார்களிலிருந்து கழற்றிய பழைய டயரைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போடுபவர்கள், அந்த நான்கு எண்களை மட்டுமாவது படித்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம்.

இவ்வளவையும் வாங்குபவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலும் ஆலை வைத்திருக்கிறது, இதே திருச்சி சாலையில். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் சியட், ஜே.கே. டயர். இவ்வளவு டயர் செய்யும் மாநிலத்தில், ஈரச் சாலையில் எந்த டயர் எவ்வளவு நன்றாக நிற்கும் என்று வாங்குபவர் கடையில் ஒரே பார்வையில் அறிய வழி வேண்டும். ஈரப்பிடிப்பு, உருளும்போது ஏற்படும் இழுவை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தர அளவை மத்திய அரசு 2022ல் அறிவித்தது நல்ல தொடக்கம். ஐரோப்பாவில் 2012 முதல், டயரின் ஈரப்பிடிப்பையும் எரிபொருள் சிக்கனத்தையும் எழுத்து வரிசையில் தரம்பிரித்துச் சொல்லும் சீட்டு ஒட்டப்பட்டு வருகிறது. அதேபோல, இங்கு விற்கும் ஒவ்வொரு கார் டயரிலும் ஒரு சீட்டு, தமிழிலும் சேர்த்து, கட்டாயமாக ஒட்டப்பட வேண்டும்.

அடுத்தது காற்று. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. ஓட்டுபவர்கள் கூச்சமில்லாமல் அதைக் கேட்டுப் பெற வேண்டும், வண்டி சூடேறும் முன், வீட்டுக்குப் பக்கத்துப் பங்கிலேயே. எவ்வளவு என்பதற்குக் கடைக்காரரின் கணிப்பு தேவையில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, நிறைய இருந்தால் எவ்வளவு என்று எழுதியிருக்கும்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் ஒரு கோரிக்கை. உளுந்தூர்பேட்டையை அடுத்த செங்குறிச்சி சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்திக் கடக்கும் கார்களில் பலவும் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடி வந்தவை. அந்தச் சாவடியின் இருபுறமும் நிழல் கூரையின் கீழ், இலவசக் காற்றும், சரியாக வேலை செய்யும் அளவுமானியும், பட்டன் ஆழம் பார்க்கத் தெரிந்த ஒரு பணியாளரும் வேண்டும். அடுத்த கத்திரி தொடங்கும் முன்பே அதைச் செய்து தாருங்கள்.