மாலைப்பொழுது யாருக்குப் பாத்தியம்?

சித்திரையும் வைகாசியும் நம்மவர்க்கு இளவேனிற்காலம். சிங்கப்பூரில் பருவ பேதம் அதிகமில்லையாயினும், ஆண்டிலே வெப்பம் மிகுந்த நாட்கள் இங்கும் அம்மாதங்களை ஒட்டியே வருகின்றன. அந்நாட்களில் அந்திவேளையிலே தோ பாயோவுக்குச் சென்று பாருங்கள். பெரிய சதுப்பு நிலம் என்று பொருள்படும் பெயருடைய அவ்விடத்தில், 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பத் தொடங்கிய அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலே, காற்று வரும் பக்கம் பார்த்துச் சிநேகிதர் நால்வர் அமர்ந்திருப்பர். ஆளுக்கொரு குவளை தேநீர். பழைய கேலிப் பேச்சு. வயிறு குலுங்கச் சிரிப்பு. பெரிய செலவில்லை, அந்த ஒரு மணி நேரம் கவலையுமில்லை.

இதைக் கண்டு முகஞ் சுளித்து, "வீண்பொழுது போக்கும் சோம்பேறிக் கூட்டம்" என்று பழிப்போர் உளர். அவர்களைக் கேட்கின்றோம்: இப்பொழுது வானத்திலிருந்து விழுந்ததா? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் தன் இஷ்டம் என்பதற்காகவே 1886இல் சிக்காகோ தொழிலாளர் உயிர் கொடுத்தனர். 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் அவ்வுரிமையை நினைந்தே. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரின் மாலையையோ, தோட்டத்துக் கள்ளுக்கடை விழுங்கிற்று. ஆதலால், தெளிந்த புத்தியோடு சிநேகிதருடன் சிரித்திருப்பது சோம்பலன்று; உழைப்பவன் பெறவேண்டிய கூலியில் அதுவும் ஒரு பங்கு.

நிற்க. அந்த நால்வரையும் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஐயன்மீர், உங்கள் வீட்டு அம்மையார் இவ்வேளையில் எங்கே? நீங்கள் கீழே காற்று வாங்க, அவர் பத்தாம் மாடியில் அடுப்பருகே வேகிறார். அவரும் பகலெல்லாம் வேலைக்குப் போய்த் திரும்பியவர்தாமே! பாட்டியும் அப்படித்தான், பாட்டனோடு கூடவே மரம் வெட்டி, குறைந்த கூலி வாங்கி, லயத்துக்குத் திரும்பி உலை வைத்தாள். பெண்மக்களின் அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைப் பறித்தவன் முதலாளி மாத்திரமா? நாமும் அல்லவா! அவ்வம்மையார் தம் தோழியருடன் கீழே வந்து அமர்ந்துவிட்டாலோ, "குடும்பப் பெண்ணுக்கு இது அழகா?" என்கிறோம். ஆணுக்கு இளைப்பாறல், பெண்ணுக்கு மானக்கேடு! இது என்ன நியாயம்?

தோழர்களே! மேடையில் சமத்துவம் பேசியது போதும். நாளை மாலை நீங்கள் சோறு வடியுங்கள். அவர்கள் கீழே இறங்கிப் போகட்டும். அவர்களுடைய சிரிப்பொலி மாடிக்கு எட்டும்போது, நீங்கள் பேசிய சமத்துவம் உங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதென்று நம்பலாம்.