நிற்கவும் தெரிய வேண்டும்!



பள்ளியில் விளையாட்டு விழா என்றாலே உங்களுக்குக் கொண்டாட்டம்தான். கூடவே கணுக்கால் சுளுக்கு, முழங்கால் வீக்கம் என்று சிலர் நொண்டிக்கொண்டு வருவதும் உண்டு. அவர்களுக்காகவே இந்த வாரம் ஒரு வீராங்கனையின் கதை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1957ம் ஆண்டு பிறந்தவர் ஜோன் பெனாய்ட். சிறுவயதில் அவருக்குப் பனிச்சறுக்கு என்றால் உயிர். அதில் ஒருநாள் கால் முறிந்தது. முறிந்த காலுக்கு மீண்டும் பலம் சேர்க்கத்தான் அவர் நீண்ட தூரம் ஓடத் தொடங்கினார். ஓட்டமே பிறகு அவரது வாழ்க்கையாகிவிட்டது!

1979ல் பாஸ்டன் மாரத்தானில் முதலிடம் பெற்றார். மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. தூரம். 400 மீட்டர் மைதானத்தை 105 முறைக்கு மேல் சுற்றி வரவேண்டும்! 1981ல் இரண்டு குதிகால்களிலும் அறுவை சிகிச்சை நடந்தது. பொறுமையாகத் தேறி வந்தவர், 1983ல் அதே பாஸ்டனில் 2 மணி 22 நிமிடம் 43 வினாடியில் ஓடினார். அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் சேர்க்கப்பட்டது. அமெரிக்க அணிக்கான தகுதிப் போட்டி மே 12ம் தேதி. ஆனால், மார்ச் மாதப் பயிற்சியின்போதே ஜோனின் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. ஓய்வெடுத்தும் வலி போகவில்லை. ஏப்ரல் 25ல் முழங்காலில் அறுவை சிகிச்சை. போட்டிக்கு இருந்ததோ 17 நாள்தான்!

ஓட முடியாத நாட்களில் கைகளால் சைக்கிள் மிதியைச் சுற்றிப் பயிற்சி செய்தார். பிறகு ஓடத் தொடங்கியதும் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதற்கும் சிகிச்சை பெற்றார். தகுதிப் போட்டியில் முதலாவதாக வந்தார். ஆகஸ்ட் 5ம் தேதி ஒலிம்பிக்கில், சுமார் 5 கி.மீ. தூரத்திலேயே மற்றவர்களை விட்டு விலகித் தனியாக முன்னேறினார். கடைசிவரை யாராலும் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் தங்கப்பதக்கம்!

குழந்தைகளே, இந்த 17 நாள் கணக்கை நீங்கள் அப்படியே பின்பற்றக் கூடாது. அவர் வளர்ந்தவர், மருத்துவர்களின் கவனிப்பில் இருந்தவர். நாம் கற்க வேண்டியது வேறு. நிற்க வேண்டிய நேரத்தில் அவர் நின்றார். வலியை மறைக்காமல் மருத்துவரிடம் போனார்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவி கால் சுளுக்கோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். "சபாஷ்! இதுதான் வீரம்!" என்று எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினேன். மறுநாள் அவள் காலை ஊன்றவே முடியவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவள் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தாள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை "சபாஷ்" அல்ல, "நில்லம்மா" என்பதுதான். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஓடி முடித்ததும் வரும் களைப்பு வேறு, காயத்தின் வலி வேறு. களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். காலை ஊன்றும்போது சுருக்கென்று வலித்தாலோ, வீங்கினாலோ உடனே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். "பயந்தாங்கொள்ளி" என்று யாராவது கேலி செய்தால் செய்யட்டும்! இந்த ஆண்டுப் போட்டி போனால் அடுத்த ஆண்டும் போட்டி வரும். கால் நன்றாக இருந்தால்தானே அதில் ஓட முடியும்?

அன்புடன்,
ஆசிரியர் தாத்தா