லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்: சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு?

2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடுகிற லேப்டாப்பை எதற்குத் தூக்கிப்போட வேண்டும் என்று நினைப்பவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள்.

பிரவுசர், வீடியோ, மெயில் எல்லாம் லினக்ஸில் சிக்கலில்லாமல் ஓடும். இடிப்பது ஒரே ஒரு இடத்தில்தான். சம்பளம் தருகிற அந்த ஒரு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே வரும். கணக்கு மென்பொருளோ, வரைபட மென்பொருளோ, ஆபீஸில் கொடுத்த பழைய புரோகிராமோ, ஏதோ ஒன்று.

அங்கேதான் இரண்டு ஆலோசனைகள் வரும். ஒன்று, "வைன் போடுங்க, ஃப்ரீதான்." இன்னொன்று, "கிராஸ்ஓவர் வாங்குங்க, தொல்லை இல்லை." உடனே மனசு கேட்கும்: லினக்ஸே இலவசம், அதுக்கு மேல எதுக்குக் காசு?

கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால், சோதித்துப் பார்த்த பிறகு.

வைன் செய்யும் வேலை என்ன?

எந்த மென்பொருளும் தனியாக இயங்குவதில்லை. 'இந்த ஃபைலைத் திற', 'இந்த எழுத்தைத் திரையில் காட்டு' என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் மென்பொருள் கேட்பது விண்டோஸின் மொழியில். அது லினக்ஸுக்குப் புரியாது. நடுவில் துபாஷியாக நிற்பதுதான் வைன். இதற்கு விண்டோஸ் லைசென்ஸ் தேவையில்லை. விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸை ஏற்றி ஓட்டுவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

கேட்க எளிது, செய்வது கடினம். 1993-ல் தொடங்கிய வைன், 1.0 என்ற நிலையை எட்டியது 2008-ல். 15 வருடம்! விண்டோஸின் கட்டளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆவணங்களில் எழுதப்படாத நடத்தைகளும் உண்டு. சில மென்பொருள்கள் விண்டோஸின் பிழைகளையே நம்பி எழுதப்பட்டவை. அந்தப் பிழைகளையும் வைன் அப்படியே நடித்துக் காட்ட வேண்டும்.

காசு எங்கே போகிறது?

தண்ணீர்ப் பந்தலில் யாரும் காசு கேட்பதில்லை. ஆனால், பானையை யாரோ ஒருவர் தினமும் நிரப்புகிறார். வைனின் பானையை நிரப்புவதில் பெரும்பங்கு அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள கோட்வீவர்ஸ் நிறுவனத்துக்கு உண்டு. 1994 முதல் வைன் திட்டத்தை நடத்திவரும் அலெக்ஸாந்தர் ஜூலியார் அங்கேதான் வேலை செய்கிறார். அந்த நிறுவனம் விற்பதுதான் கிராஸ்ஓவர்: வைனோடு எளிய இன்ஸ்டாலர், சோதனை, கேட்டால் பதில் சொல்ல ஆள். விலை ஆண்டுக்குச் சுமார் 74 டாலர். நம் கணக்கில் 6,000 ரூபாய்க்கு மேல். ஆண்டு முடிந்தாலும் கையில் உள்ள பதிப்பு வேலை செய்யும். புதிய பதிப்பும் உதவியும்தான் நிற்கும்.

"வைனை எடுத்துப் பெட்டி கட்டி விற்கிறாங்க, அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அந்தக் கவலை நியாயமானது. டிரான்ஸ்கேமிங் என்ற நிறுவனம் வைனின் நிரலை எடுத்து, கேம்களுக்காக மாற்றி, மாதச் சந்தாவுக்கு விற்றது. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வைனுக்குத் திரும்பி வரவில்லை. இந்தச் சர்ச்சைக்குப் பிறகு 2002-ல் வைன் தன் உரிமத்தை எல்ஜிபிஎல் ஆக மாற்றியது. மாற்றி விநியோகிப்பவர், வைனில் செய்த மாற்றங்களின் மூல நிரலையும் தர வேண்டும். ஆகவே, ஒருவர் கொடுக்கும் காசில் சரியாகும் கோளாறு, காசு கொடுக்காதவருக்கும் பயன்படுகிறது.

கேமுக்குப் புரவலர் உண்டு, ஆபீஸ் வேலைக்கு?

2018-ல் வால்வ் நிறுவனம் 'புரோட்டான்' என்ற கருவியை வெளியிட்டது. அதன் அடிப்படையும் வைன்தான். கோட்வீவர்ஸும் அதில் கூட்டாளி. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேமிங் கருவி, லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்டுவது இதை வைத்துத்தான். கேம் விளையாடுபவர் இதற்கென்று தனியாகக் காசு கொடுப்பதில்லை. ஏன்? கேம் விற்றால் வால்வுக்குப் பங்கு வரும், அதனால் செலவை அதுவே ஏற்கிறது.

உங்கள் கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடினால் யாருக்கு லாபம்? உங்களுக்கு மட்டும்தான். அப்படியென்றால் அந்தச் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்பதில் என்ன தப்பு?

எப்போது கொடுக்கக் கூடாது?

காசு கொடுத்தாலும் நடக்காதவை உண்டு. வேலரன்ட் போல, சிஸ்டத்தின் அடி ஆழத்தில் உட்காரும் ஆன்ட்டி-சீட் உள்ள கேம்கள் ஓடாது. யுஎஸ்பி டாங்கிள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றின் விண்டோஸ் டிரைவரை வைன் ஏற்றாது; அவற்றை நம்பியிருக்கும் மென்பொருள் பெரும்பாலும் தடுமாறும். ஃபோட்டோஷாப், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஆகியவற்றின் புதிய பதிப்புகளுக்கும் உத்தரவாதம் கிடையாது. பிரவுசரிலேயே கிடைக்கும் மென்பொருளுக்கு இந்தப் பாடே வேண்டாம்.

எனவே, முதலில் இலவச வைனில் போட்டுப் பாருங்கள். எந்த மென்பொருள் எவ்வளவு ஓடுகிறது என்ற பட்டியல் வைன் தளத்திலேயே இருக்கிறது. சரிவரவில்லையா? கிராஸ்ஓவருக்கு 14 நாள் இலவசச் சோதனை உண்டு. திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். உங்கள் உண்மையான ஃபைலைத் திறந்து, தமிழில் தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுத்து, சேமித்து, மறுபடி திறந்து பாருங்கள். விண்டோஸை அழிப்பது அதற்குப் பிறகுதான்.

இலவச வைனே போதும் என்றாலும் கடமை முடிந்துவிடவில்லை. வைன் திட்டம் நன்கொடை வாங்குகிறது. அதுவும் முடியாதென்றால், உங்கள் மென்பொருள் எந்தப் பதிப்பில் ஓடியது, எங்கே நின்றது என்று அந்தப் பட்டியலில் 4 வரி எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு 2 நாள் மிச்சமாகும்.