வராத விருந்தினருக்கு ஓர் அறை

வீட்டுக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம் வீட்டின் வரைபடத்தை வாங்கிப் பார்ப்பது என் அன்றாடப் பணிகளுள் ஒன்று. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றுவிட்ட குடும்பங்களிடம், இரண்டாவது படுக்கையறை யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "விருந்தினர் வந்தால் தங்குவதற்கு." பல ஆண்டுகள் நானும் அந்தப் பதிலைச் சொல்லி வந்தவன்தான்.

புனேயில் நாங்கள் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் அந்த அறை பத்தடிக்குப் பத்தடி. சதுர அடி 6,000 ரூபாய் என்ற விலையில் அந்த ஓர் அறைக்கு மட்டும் 6 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறேன். ஒரு மார்ச் மாத இறுதியில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் பரபரப்பின் நடுவே, வீட்டுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டில் விருந்தினர் அங்கே தங்கிய இரவுகள் பதினொன்று. மற்ற நாட்களில் அறை பூட்டியே கிடந்தது. வணிகவியல் படித்தவனுக்கு இதன் பெயர் தெரியும்: முடங்கிக் கிடக்கும் சொத்து.

அதே ஆண்டில் என் மனைவி சாப்பாட்டு மேசையில் தைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய தொழில் அன்று, விருப்பம். ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் துணி, கத்தரிக்கோல், நூல்கண்டு அனைத்தையும் எடுத்து வைக்க வேண்டும். உண்டு முடித்ததும் மீண்டும் பரப்ப வேண்டும். ஒருநாள் சாம்பார் சிந்தி, பாதி தைத்திருந்த பட்டுப் பாவாடை பாழாயிற்று. அவர் எதுவும் சொல்லவில்லை. தையல் இயந்திரத்தை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எட்டு மாதங்கள் அது வெளியே வரவில்லை. பத்தடி தொலைவில் ஓர் அறை காலியாக இருந்தது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

விருந்தோம்பல் நம் பண்பாடு அல்லவா என்று சிலர் கேட்கலாம். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அந்த அதிகாரம் முகமலர்ச்சியைப் பற்றியும் பகிர்ந்துண்பதைப் பற்றியும் பேசுகிறது. ஆண்டு முழுவதும் பூட்டி வைத்த அறையைப் பற்றிப் பேசவில்லை. வீடு முதலில் அதில் வாழ்பவர்களுக்கு உரியது. ஒருவர் தம் விருப்பமான வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மறுநாள் அதே இடத்தில் தொடர முடிகிற இடம் ஆடம்பரம் அன்று என்பதே என் கருத்து.

அதற்காக, இக்கட்டுரையைப் படித்தவுடன் தச்சரை அழைத்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ஒருவர் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்து, மரவேலைக்கென அறையையும் விலையுயர்ந்த கருவிகளையும் ஒரே மாதத்தில் வாங்கியதை நான் அறிவேன். அடுத்த ஆண்டே அவை பாதி விலைக்குக் கைமாறின. பழக்கம் வேரூன்றும் முன்பே அறை வந்துவிட்டதுதான் அங்கே நேர்ந்த பிழை.

நான் பரிந்துரைப்பது எளிய வழி. முதலில் அறையைக் காலி செய்து, பழைய மேசை ஒன்றைப் போட்டு வேலையைத் தொடங்குங்கள். அன்றே மாதம் 4,000 ரூபாய்க்கு ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றையும் தொடங்குங்கள். ஆண்டு முடிவில் 48,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அதைவிட முக்கியம், அந்த விருப்பம் ஓராண்டு தாக்குப்பிடித்ததா என்பதும், அறைக்கு உண்மையில் என்ன தேவை என்பதும் தெரிந்திருக்கும்.

எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையின் உயரம் 30 அங்குலம். நின்றுகொண்டு துணி வெட்ட 36 அங்குலமாவது வேண்டும். என் மனைவியின் முதுகுவலிக்குக் காரணம் அந்த ஆறு அங்குலந்தான். இஸ்திரிப் பெட்டிக்குத் தனியாக 16 ஆம்பியர் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் தேவைப்பட்டன. மின்வேலைக்கு 11,000, வெட்டு மேசைக்கு 14,000, அலமாரிக்கு 12,000, வண்ணப்பூச்சுக்கு 8,000, விளக்குகளுக்கு 3,000 எனச் சேமிப்புக்குள்ளேயே முடிந்தது. சுவர் எதையும் இடிக்கவில்லை. இடிக்க வேண்டியிருந்தால் பொறியாளரின் ஆலோசனையும் குடியிருப்புச் சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் இன்றித் தொடக்கூடாது.

பெரிய அளவில் புதுப்பிக்கக் கடன் தவிர்க்க இயலாதெனில், தனிநபர் கடனுக்கு முன் வீட்டுச் சீரமைப்புக் கடனை விசாரியுங்கள். பொதுவாக அதன் வட்டி குறைவு. மாறும் வட்டியிலான வீட்டுக் கடனைத் தனிநபர்கள் முன்கூட்டியே அடைத்தால் வங்கி அதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் சீரமைப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். வீட்டுக் கடன் வட்டிக்கான 2 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இதுவும் அடங்கும். புதிய முறையில் இக்கழிவு இல்லை.

அறை தயாரானதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு வரும்?" என்பது. வரவு செலவு பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நான் இதில் மட்டும் மாறுபடுகிறேன். வருமானம் வந்தால் நல்லது. வராவிட்டால் அது நட்டம் அன்று. எல்லா விருப்பங்களையும் வணிகமாக்கிவிட்டால் நமக்கென்று செய்துகொள்ள எதுவும் மிஞ்சாது.

சென்ற தீபாவளிக்கு என் தாயார் ஊரிலிருந்து வந்தார். வெட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, மடக்கு மெத்தையை விரித்தோம். விருந்தினர் அறையைக் காணோமே என்று முதல் நாள் சற்று முகம் சுளித்தார். மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோது, மாமியாரும் மருமகளும் அந்த மேசையருகே நின்று ஒரு பாவாடைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.