பதில் வராத மடல்

பிரித்தானியக் கடற்படையின் அணுவாயுத நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒன்றேனும் 1969 முதல் எந்நேரமும் ஆழ்கடலில் காவல் நிற்கிறது. அதில் பணிபுரியும் பிள்ளைக்குப் பெற்றோர் வாரந்தோறும் சிறுமடல் அனுப்பலாம். முன்னாளில் 40 சொற்கள், பின்னர் 120. பிள்ளையோ பதில் அனுப்ப முடியாது. அனுப்பினால் கப்பல் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும். மாதக்கணக்கான இம்மௌனத்தை மறதியென்று எண்ணலாகாது. மடலில் மனத்தாங்கலை எழுதினால், விளக்கம் சொல்ல வழியின்றிப் பிள்ளை அதைக் கரைசேரும்வரை சுமக்கும். வீட்டில் மரணம் நேர்ந்தாலும், அச்செய்தி பயணம் முடியும்வரை மறைக்கப்படுவதுண்டு. எந்த மடலும் இறுதி மடலாகலாம். ஆகவே பெற்றோரே, தங்கை பரீட்சையில் சித்தியடைந்ததை எழுதுங்கள். தோட்டத்தில் ரோசா பூத்ததை எழுதுங்கள். பதிலை எதிர்பாராது வாரந்தவறாமல் எழுதும் கைதான் உறவைக் காக்கிறது.