பாய்காட் யார்?

பத்திரிகைகளில் ‘பாய்காட்’ என்ற சொல்லை அடிக்கடி காண்கிறோம். அது ஒரு துரையின் பெயர்.

அயர்லாந்தில் மேயோ வட்டாரத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜண்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-ல் குடியானவர்கள் குத்தகையை 25 சதவிகிதம் குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. குடிகளை வெளியேற்ற நோட்டீஸ் வந்தது.

நிலச் சங்கத்தின் சொற்படி ஊரார் துரையைவிட்டு ஒதுங்கினார்கள். வேலையாட்கள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, துணி வெளுக்கவும் ஆளில்லை. அறுவடைக்கு வெளியிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகப் பட்டாளம் வந்தது. டிசம்பரில் துரை அயர்லாந்தைவிட்டே கிளம்பினார்.

வயல்வேலைக்காரர் மட்டும் ஒதுங்கியிருந்தால் இது நடந்திருக்குமா? பால்மரம் வெட்டுகிறவர் ஒரு பக்கம், கிராணிகளாகிய நாம் ஒரு பக்கம் என்றிருக்கும் தோட்டத்தில் அந்தச் சொல்லை உச்சரிக்க நமக்கு என்ன யோக்கியதை?