ஃபைல் மேனேஜர் போட்டா திருடனா?

கொல்கத்தா சாந்தினி சௌக்கில் போய், பழைய பிஎஸ்2-வை 'மாட்' பண்ணணும்னு சொல்லிப் பாருங்க. "எத்தனை கேம் ஏத்தணும், தாதா?" இதுதான் முதல் கேள்வி. (இங்க தாதான்னா அண்ணன். நம்மூர் தாதா இல்லை!) எதுக்குன்னு யாரும் கேக்கறதில்லை. லேக் மார்க்கெட் பக்கத்து நம்ம ஆட்களும் அப்படித்தான். மாட் பண்ணினா திருட்டு, பண்ணாட்டி யோக்கியம். எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

நான் சொல்ல வர்றது யூலாஞ்ச்எல்ஃப்னு ஒரு ஃபைல் மேனேஜரைப் பத்தி. ஆர்வலர்கள் எழுதி இலவசமா குடுத்தது. 2008-ல் ஃப்ரீ மெக்பூட் வந்தப்புறம் பெட்டியைத் திறந்து பத்த வைக்கற வேலைகூட இல்லை, மெமரி கார்டுலேர்ந்தே ஓடும். கடைசியா வந்த ஸ்லிம் மாடல்களுக்கு மட்டும் வேற வழி பாக்கணும். பாக்க அழுமூஞ்சி லிஸ்ட்தான். ஆனா மெமரி கார்டும் பென்டிரைவும் கம்ப்யூட்டர்ல மாதிரியே ஃபோல்டர் ஃபோல்டரா தெரியும். இங்க காப்பி, அங்க பேஸ்ட். சோனி குடுத்த மெனுவுல ஒரு கார்டுலேர்ந்து இன்னொரு கார்டுக்குத்தான் போகலாம். பென்டிரைவ்ங்கற பேச்சே கிடையாது.

அந்தக் கார்டு வெறும் 8 எம்பி. பிஎஸ்2 தயாரிப்பையே 2013-ல் நிறுத்திட்டாங்க. நம்மள மாதிரி ட்ரான்ஸ்ஃபர் குடும்பங்கள்ல பிள்ளைங்க ஊர் ஊரா தூக்கிட்டு வந்த சாமான் அது. அண்ணனும் தங்கச்சியும் சண்டை போட்டு ஆடின கிரிக்கெட் 07 டோர்னமென்ட், முந்தின ஊர் ஃப்ரெண்டு பேர்ல வச்ச டீம், எல்லாம் அதுக்குள்ளதான். 2009-ல் கபடி, கில்லின்னு நம்ம பிள்ளைங்களுக்காகவே வந்த 'தேசி அட்டா' டிஸ்க்கைக்கூட செகண்ட் ஹேண்ட்ல தேடிப் பிடிச்சிடலாம். நம்ம வீட்டு சேவ் எந்தக் கடையில கிடைக்கும்? காசு குடுத்து வாங்கின பெட்டியில, நாமளே உண்டாக்கின ஃபைலை எடுக்க யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?

சட்டம்கூட அவ்வளவு கண்மூடித்தனமா இல்லை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்துல சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோட பூட்டை உடைச்சாதான் இரண்டு வருஷம் வரை சிறைன்னு சொல்லுது. நோக்கம்தான் கணக்கு. ஹார்ட் டிஸ்க் நிறைய ஓசி கேம் ஏத்தி விக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கலை, அது திருட்டேதான். ஆனா பொண்ணோட சேவை பத்திரப்படுத்தற அப்பாவையும் அதே கூண்டுல ஏத்தாதீங்க.

பண்றதா இருந்தா ஒண்ணு ரெண்டு விஷயம். பென்டிரைவ் எஃப்ஏடி32-ல இருக்கட்டும். யூஎஸ்பி 1.1 போர்ட், மாட்டு வண்டி வேகம்தான், ஆனா சேவ் ஃபைலுக்கு அது தாராளம். டெலீட் பண்ணினா திரும்ப வராது, ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது. பேர் 'சிஸ்டம்'னு முடியற ஃபோல்டர் பக்கமே போகாதீங்க, மெக்பூட் குடியிருக்கறது அங்கதான். மத்ததை கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்டு வைங்க. மொத்த கார்டே 8 எம்பிதானே, பிள்ளைங்க இப்ப எந்த ஊர்ல இருந்தாலும் மெயில்லயே அனுப்பிடலாம்.